டிரஸ்டா, கம்பெனியா? சமூக நோக்கோடு தொழில் தொடங்குகிறவர்களுக்கு

“டிரஸ்ட் ஒண்ணு ரிஜிஸ்டர் பண்ணணும் சார், எவ்வளவு ஆகும்?”

ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மாதத்துக்கு மூன்று நான்கு முறையாவது இந்தக் கேள்வி வரும். எதற்கு டிரஸ்ட் என்று திருப்பிக் கேட்டால், “நல்ல காரியம்தானே செய்யப் போறோம்” என்பார்கள். நல்ல காரியம் என்றால் டிரஸ்ட், லாபம் என்றால் கம்பெனி என்று நம் ஊரில் ஒரு கணக்கு ஊறிக் கிடக்கிறது. கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது கம்பெனிதான். சிலருக்கு இப்போதைக்கு எதுவுமே வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ‘சமூக நிறுவனம்’ என்று இந்தியாவில் தனிச் சட்ட உருவம் எதுவும் இல்லை. பிரிட்டனில் 2005 முதல் இதற்கென்றே ஒரு கம்பெனி வகை இருக்கிறது. இங்கே இருக்கிற சட்டைகளில் எது பொருந்துகிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அறப்பணிப் பக்கம் டிரஸ்ட், சங்கம், செக்‌ஷன் 8 கம்பெனி (லாபத்தைப் பிரித்துக்கொள்ளாமல் நோக்கத்துக்கே செலவிடும் கம்பெனி). லாபப் பக்கம் தனிநபர் நிறுவனம், கூட்டாண்மை, எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட். உறுப்பினர்களே முதலாளிகள் என்ற பக்கம் உற்பத்தியாளர் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம்.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உடன்குடிப் பக்கத்தில் பனையேறிகளிடம் நியாய விலைக்குக் கருப்பட்டி வாங்கி, சென்னையிலும் கோவையிலும் விற்க நினைக்கிறார் ஒருவர். வருகிற லாபத்தைப் பனையேறிகளின் பாதுகாப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவரைக் கருப்பட்டி அக்கா என்றே அழைப்போம்.

படி 1: பணம் எந்த வாசல் வழியாக வரும்?

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். முதல் வருடமும் மூன்றாம் வருடமும் பணம் யாரிடமிருந்து வரும் என்று தொகையோடு எழுதுங்கள். வாசல்கள் மூன்றுதான்: பொருள் வாங்குகிறவர், நன்கொடை தருகிறவர், திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போடுகிறவர்.

அக்காவின் தாளில் இப்படி இருக்கிறது: விற்பனை 22 லட்சம், நன்கொடை 3 லட்சம், கல்லூரித் தோழி தரும் 5 லட்சம். தோழி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்: “பங்கு தருவியாடி?” பாதி முடிவு இந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது. டிரஸ்டிலும் சங்கத்திலும் பங்கு என்ற பேச்சே கிடையாது. செக்‌ஷன் 8 கம்பெனியில் பங்கு உண்டு, ஆனால் அதற்கு ஒரு ரூபாய்கூட டிவிடெண்ட் (லாபப் பங்கு) தர முடியாது. தோழியின் பணத்தைக் கடனாக வாங்கலாம், நன்கொடையாக வாங்கலாம், முதலீடாக வாங்க முடியாது.

மீதிப் பாதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செக்‌ஷன் 8 கம்பெனி பொருள் விற்கலாம். கம்பெனிச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. லாபத்தை நோக்கத்துக்கே செலவிடச் சொல்கிறது, அவ்வளவுதான். கையைப் பிடிப்பது, அறப்பணி அமைப்புகளுக்கு வரிவிலக்கு தரும் வருமான வரிச் சட்டம். ‘அறப்பணி’ என்பதற்கு அது ஒரு பட்டியல் தருகிறது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி, யோகா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நினைவுச் சின்னப் பாதுகாப்பு. இவற்றில் அடங்காத மற்ற எல்லாமே ‘பொதுப் பயன்பாடு’ என்ற கடைசிக் கூடைக்குள் போகும். உங்கள் வேலை அந்தக் கூடையில் விழுந்தால், வணிகமாக வரும் பணம் ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கு வரிவிலக்கு போய்விடும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, அதிகாரிகள் இந்தக் கணக்கை இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

அக்காவின் மொத்த வரவு 25 லட்சம். 20 சதவீதம் என்றால் 5 லட்சம். விற்பனையோ 22 லட்சம். “பனையேறிகள் ஏழைகள்தானே, இது ஏழைகளுக்கு உதவிதானே?” என்று வாதாடலாம். வாதம் ஜெயிக்கவும் கூடும். ஆனால் அதிகாரியோடு வருடா வருடம் நடத்தும் வாதத்தின் மேல் ஒரு தொழிலை நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

“அரவிந்த் கண் மருத்துவமனை டிரஸ்ட்தானே நடத்துகிறது?” என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியதை நடத்துவது கோவெல் டிரஸ்ட். கட்டணம் செலுத்துகிறவர்களின் பணத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை நடக்கிறது. ஆனால் மருத்துவ உதவி பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது, 20 சதவீத வேலி அதற்குக் கிடையாது. கருப்பட்டி வியாபாரத்துக்கு அரவிந்தை முன்னுதாரணமாகக் காட்டினால் நிற்காது.

இதோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அக்கா பிரைவேட் லிமிடெட் தொடங்கி, 22 லட்சம் விற்பனையில் 2 லட்சம் லாபம் பார்த்தால், 22 சதவீத வரித் திட்டத்தில் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 25.17 சதவீதம். சுமார் 50,000 ரூபாய். இந்த ஐம்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கவா இத்தனை பாடு? அதிலும் பனையேறிக்குக் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை கொள்முதல் செலவாகவே கணக்கில் ஏறிவிடும். சமூகப் பணி என்று அக்கா நினைப்பதில் பெரும்பகுதி அந்தக் கொள்முதல் விலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. லாபத்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

படி 2: உங்களை யார் வெளியேற்ற முடியும்?

இதை யாரும் தொடக்கத்தில் கேட்பதில்லை. சங்கம் பதிவு செய்திருந்த ஒருவர் சில வருடம் முன்பு மினிட்ஸ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். “ஏழு பேர் வேணும்னு மச்சினனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்தேன் சார். இப்ப பொதுக்குழுவைக் கூட்டி வேற ஆளைச் செயலாளராப் போட்டுட்டாங்க.” புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அறிவிப்பு போயிருக்கிறது, கோரம் இருந்திருக்கிறது, ஆறு கையெழுத்து. எல்லாம் முறைப்படி. அவர் பத்து வருடம் உழைத்ததற்குச் சட்டத்தில் இடமில்லை. சங்கம் என்றால் பொதுக்குழுதான் எஜமான்.

டிரஸ்டில் இதற்கு நேர் எதிர். பத்திரத்தில் நிறுவனர் எழுதி வைத்ததுதான் வேதம். அதனால்தான் பலருக்கும் அது பிடிக்கிறது, அதனால்தான் சில நன்கொடையாளர்களுக்கு அது பிடிப்பதில்லை. செக்‌ஷன் 8 கம்பெனியிலும் பிரைவேட் லிமிடெட்டிலும் பங்குக் கணக்கு பேசும். உற்பத்தியாளர் கம்பெனியில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு.

உற்பத்தியாளர் கம்பெனி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். குறைந்தது ஐந்து இயக்குநர்கள் வேண்டும். பனையேறிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உருவம் இது. ஆனால் அக்கா பனை ஏறுகிறவர் இல்லை, கருப்பட்டி காய்ச்சுகிறவரும் இல்லை. அதனால் அவர் உறுப்பினராக முடியாது. முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரை இயக்குநர் குழு நியமித்தே ஆக வேண்டும், அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த நாற்காலியில் அக்கா சம்பளத்துக்கு உட்காரலாம். பனையேறிகள் “போதும்மா” என்றால் எழுந்து போக வேண்டும். இதைக் கேட்டதும் முகம் வாடாதவர்களுக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

கூட்டுறவு என்றதும் நமக்குப் பெருமை உண்டு. 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் தொடங்கிய சங்கம், 1935இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் என்று நீண்ட கதை. ஆனால் மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளரின் அதிகாரமும் தலையீடும் அதிகம். புதிதாக, சுதந்திரமாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்புகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

படி 3: அமைப்பைப் பதியாமலே முதல் வருடம்

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பொடி வகைகள் செய்கிறீர்களா? மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் முதல் வருடத்துக்குப் போதும். குழு என்பது சட்டப்படி தனி ஆள் கிடையாது, சொத்து வாங்க முடியாது, பெரிய ஒப்பந்தம் போட முடியாது. ஆனால் ஆட்கள் ஒத்துப்போவார்களா, பொருள் விற்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு பழகிய வழி இது.

தனி ஆளாக இருந்தால் தனிநபர் நிறுவனம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி வேண்டாம், ஆனால் மாநிலம் தாண்டிப் பொருள் அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். பெங்களூருக்கு ஒரு பெட்டிதானே என்று அனுப்பிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

படி 4: அறப்பணிப் பக்கம்தான் என்று முடிவானால்

தாளில் நன்கொடைதான் பெரிய வாசலாக இருந்தால், அல்லது வேலை கல்வி, மருத்துவம் போலப் பட்டியலில் தெளிவாக இருந்தால், இந்தப் பக்கம் வாருங்கள். மூன்றில் எது?

டிரஸ்ட் தொடங்குவது சுலபம். பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் இதை ஆள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தனியார் டிரஸ்டுக்கானது. மகாராஷ்டிரத்தில் பொது டிரஸ்டுகளுக்கு 1950இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் மாநிலத்தில் பொதுவான பொது டிரஸ்டுக்கு அப்படி ஒரு சட்டமில்லை. அதனால் எல்லாமே பத்திரத்தின் வாசகத்தில் இருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய மூன்று பக்க மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்துவிட்டு வருகிறார்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களைத் தேடுவேன். ரத்து செய்ய முடியாத டிரஸ்ட் என்று இருக்கிறதா? கலைத்தால் சொத்து இதே போன்ற நோக்கமுள்ள வேறு அமைப்புக்குத்தான் போகும் என்று இருக்கிறதா? பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு, எப்படி என்று இருக்கிறதா? முதல் இரண்டும் இல்லாவிட்டால் வரிவிலக்குப் பதிவில் சிக்கும். மூன்றாவது இல்லாவிட்டால், பிறகு ஒரு வரியைத் திருத்தவும் நீதிமன்றப் படி ஏற நேரிடும்.

சங்கம் ஜனநாயகமானது, மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கு காட்ட வேண்டும். உண்மையிலேயே ஏழெட்டுப் பேர் தோள் கொடுக்கும் வேலைக்கு நல்லது. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் பப்படம், 1966இல் சங்கமாகத்தான் பதிவானது. அந்த ஏழு பேரும் அப்பளம் உருட்டியவர்கள். மச்சினன்கள் கிடையாது.

செக்‌ஷன் 8 கம்பெனிக்கு இரண்டு பேர் போதும், குறைந்தபட்ச மூலதனம் கிடையாது. ஒரே ஆளாகத் தொடங்க முடியாது. ‘ஒருநபர் கம்பெனி’க்கு இந்த உரிமம் தர மாட்டார்கள். கணக்குகள் பொதுவெளியில் இருப்பதால் பெரிய கம்பெனிகள் இதை விரும்புகின்றன. அதற்கான விலை, ஒழுங்கு. ஒரு பைசா வரவில்லை என்றாலும் ஆடிட் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவங்களை ஒரு வருடம் மறந்தால் 73,000. ‘சும்மாதானே கிடக்கு’ என்று விட்டவர்கள் கட்டிய தொகை இது.

பதிவு முடிந்ததும் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு). 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் பேச்சில் இந்தப் பெயர்கள் லேசில் போகாது. முதலில் தற்காலிகப் பதிவு மூன்றாண்டுக்கு. பிறகு காலக்கெடு வைத்துப் புதுப்பித்தல். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்ற காலம் முடிந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு 80ஜி கழிவு கிடையாது. “ரசீது தர்றோம், வரி குறையும்” என்ற பேச்சுக்கு முன்புபோல் எடை இல்லை.

சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம், அந்தக் கனவு இல்லாமல் யாரும் வருவதில்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை வெளி அமைப்பு ஒன்று வாங்க 12ஏ, 80ஜி, இதற்கென்றே உள்ள சிஎஸ்ஆர்-1 பதிவு, அதோடு இதே போன்ற வேலையில் மூன்றாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். இந்தத் தையில் பதிந்து அடுத்த தையில் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசின் அனுமதி வேண்டும்; அதற்கும் மூன்றாண்டு அனுபவம், அதற்குள் 15 லட்சம் செலவு, டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு. நம் ஆட்களுக்கு முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. துபாயிலிருக்கும் தம்பி இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொராண்டோவில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டால் பெரிய வம்பு. பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 5: கம்பெனி என்றால் நோக்கத்தை எப்படிக் காப்பது?

எல்எல்பி மலிவு. விற்றுமுதல் 40 லட்சத்துக்குள்ளும் கூட்டாளிகள் போட்ட பங்களிப்பு 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் ஆடிட் வேண்டாம். ஆனால் வெளி முதலீடு எதிர்பார்க்கிறவருக்கு ஒத்துவராது. தோழிக்குப் பங்கு தர வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட்தான்.

அக்காவின் பயம் வேறு: “நாளைக்குத் தோழியும் மற்ற பங்குதாரர்களும் சேர்ந்து, பனையேறி விலையைக் குறைன்னு சொன்னா?” கம்பெனியின் விதிமுறைகளிலேயே எழுதி வைக்கலாம்: லாபத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் டிவிடெண்ட் கிடையாது, கொள்முதல் விலை இந்த முறையில்தான் தீர்மானிக்கப்படும் என்று. சாதாரணமாக முக்கால் பங்கு வாக்கு இருந்தால் விதிமுறையை மாற்றிவிடலாம். அதைக் கடினமாக்க 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வழி தருகிறது: குறிப்பிட்ட சில விதிகளை மாற்ற எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்றுகூடப் பூட்டலாம். பதிவின்போதே செய்வது சுலபம். பிறகு செய்ய அத்தனை உறுப்பினர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதிரி விதிமுறையை அப்படியே ஒட்டிப் பதிகிறவர்களுக்கு இந்தப் பூட்டு இருப்பதே தெரிவதில்லை.

படி 6: இரண்டு வீடு

கொஞ்ச நாளில் பலரும் வந்து சேரும் இடம் இது. வியாபாரத்துக்கு ஒரு கம்பெனி, பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஓர் அறப்பணி அமைப்பு. சூரிய மின்சாரத் துறையில் இயங்கும் செல்கோ 1995இல் கம்பெனியாகத் தொடங்கியது. அதன் ஃபவுண்டேஷன் 2010இல்தான் வந்தது. சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு சங்கமாக இருந்துகொண்டே, கடனுக்குத் தனியாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டது.

சிக்கல் சின்ன விஷயங்களில் வரும். ஒரே குடோன், ஒரே லேப்டாப், ஒரே பையன் காலையில் டிரஸ்ட் வேலை, மதியம் கம்பெனி பார்சல். டிரஸ்ட் பணத்தில் கட்டிய குடோனில் கம்பெனியின் கருப்பட்டி வாடகையில்லாமல் அடுக்கியிருந்தால், நிறுவனரின் கம்பெனிக்கு டிரஸ்ட் ஆதாயம் தந்ததாகிவிடும், விலக்கே பறிபோகலாம். வாடகை ஒப்பந்தம், சம்பளப் பங்கீடு, பில் எல்லாம் சந்தை விலையில், காகிதத்தில் இருக்க வேண்டும். முதல் வீட்டுக்கு இரண்டு வருடக் கணக்கு ஒழுங்காக எழுதிய பிறகு இரண்டாவதைக் கட்டுங்கள் என்பேன்.

எதிலும் முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறீர்களா? லாபப் பக்கத்தில் தொடங்குங்கள். பிரைவேட் லிமிடெட்டைப் பிறகு செக்‌ஷன் 8 ஆக மாற்றலாம். மறுபக்கத்திலிருந்து திரும்பி வருவதற்கு அரசின் அனுமதி, பத்திரிகை விளம்பரம், சேர்ந்த சொத்தின் மேல் வெளியேற்ற வரி என்று ஒவ்வொரு படியிலும் ஆள் நிற்கிறார். பொது டிரஸ்டில் போட்ட பணமோ உங்கள் கைக்குத் திரும்பி வரவே வராது.

படி 7: ஆடிட்டரைப் பார்க்கப் போகும் நாள்

அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் போங்கள். பதிவுக் கட்டணத்தோடு, வருடா வருடம் ஆடிட்டுக்கும் தாக்கலுக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் மூன்று யோசித்து வையுங்கள், முதல் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. பான், ஆதார், புகைப்படம் எல்லோரிடமும் இருக்கும். இழுக்கப் போவது அலுவலக முகவரிதான். வாடகை இடம் என்றால் உரிமையாளரின் தடையில்லாச் சான்றும், இரண்டு மாதத்துக்குள்ளான கரண்ட் பில்லும் கேட்பார்கள். எத்தனையோ வீடுகளில் பில் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே வரும். அதை முதலில் போய்ப் பாருங்கள்.